மரச்சாமான் சீரமைப்புக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேண்டாமென்று ஒதுக்கிய மரச்சாமான்களைக் குழந்தைகள் அறைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இந்த ஆண்டு பட்டறையை நிறைத்தது அந்த வேலைதான்.

அதிகம் கைகொடுத்தவை பழைய மேசைகளின் டிராயர்கள். மேசையின் கால்கள் உளுத்துப்போயிருந்தாலும் டிராயர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அடியில் பிளைவுட், நான்கு மூலைக்கும் சக்கரம், கைப்பிடி இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் பொம்மைப் பெட்டி தயார். முதல் பெட்டிக்குச் சக்கரத்தின் உயரத்தைச் சேர்த்து அளக்காமல் விட்டோம். அது கட்டில் சட்டத்தில் இடித்தது, மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

டிவி அலமாரிகளில் உடைந்த கதவுகளைச் சரிசெய்யாமல் அடியோடு எடுத்துவிட்டோம். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் தட்டில் புத்தகத்தைக் குழந்தை தானே திருப்பி வைக்கிறது. கதவு இருந்தால் எல்லாவற்றையும் உள்ளே திணித்து மூடிவிடுகிறது. மூடி போட்ட பெட்டிகளுக்கு, எந்த நிலையில் விட்டாலும் மூடி அப்படியே நிற்கும் கீல் கிடைத்தால் மட்டுமே மூடி. இல்லாவிட்டால் திறந்த பெட்டிதான். கனமான மூடி சடாரென்று விழுந்தால் கழுத்துக்கே ஆபத்து.

அப்புறம், மனதை உறுத்தும் ஒரு விஷயம். நாம் பழுது பார்த்துக் கொடுத்த நான்கு டிராயர் அலமாரி ஒன்று, ஒரு வீட்டில் குழந்தை ஏறும்போது முன்பக்கமாகச் சாய்ந்தது. கட்டில் விளிம்பு தாங்கிக்கொண்டதால் அடி படவில்லை. முன்பு அந்த டிராயர்கள் இறுகிக் கிடந்தன. ஓடும் சட்டத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து வழுக்க வைத்தது நாம்தான். எளிதாக வந்ததால் குழந்தை நான்கையும் இழுத்துப் படிக்கட்டாக்கிவிட்டது. எல்லாம் வெளியே வந்தால் எடை முன்னங்கால்களைத் தாண்டிப் போய்விடும், அலமாரி நிற்காது.

அமெரிக்காவில் 2023 முதல், 27 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள புதிய துணி அலமாரிகள் கவிழ்கின்றனவா என்று சோதிப்பது கட்டாயம். 27 அங்குலம் என்பது பெரியவர் இடுப்புக்குக்கூட வராது. ஆகவே செயற்குழு தீர்மானித்தது இது: அந்த உயரத்தைத் தொடும் எதையும், சுவரில் எல் ஆங்கிள் (L வடிவ உலோகத் துண்டு) போட்டு இறுக்காமல் கொடுப்பதில்லை. செங்கல் சுவரானால் துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கை உள்ளே வைக்கலாம். ஜிப்சம் பலகைச் சுவரானால் உள்ளே ஓடும் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில்தான் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். முன்பு கொடுத்த வீடுகளுக்கும் திரும்பப் போய் மாட்டி வருகிறோம். சில வீடுகள் இன்னும் பாக்கி.

எப்போது பூசியதென்று தெரியாத பெயிண்ட் உரிந்து வரும் சாமான்களை இனிக் குழந்தைகள் அறைக்கு எடுப்பதில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசு நம் மூச்சிலும் போகும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். துளையிடும் மெஷின் ஒன்று வாங்கவும், பாக்கி வீடுகளுக்குப் போய்வர இருவரை நியமிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்