ஐப்பசியில் உள்ளே போகும் நகை

கல்லிடைக்குறிச்சி
6-11-2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சின்னவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் மனசு நிலைகொள்ளவில்லை. போனில் பேசினால் நீ என்னை மடக்கிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரப்படாமல் முழுக்கப் படி.

இங்கே நல்ல மழை. நேற்று ஐப்பசிப் பௌர்ணமி. சிவன் கோயிலில் அன்னாபிஷேகம் பார்த்துவிட்டு வரும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வர முடிந்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைந்து போகிறது. பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் நடவு தொடங்கிவிடும்.

பிசானம் என்றாலே எனக்குக் கூட்டுறவுச் சங்கத்து வராந்தாதான் ஞாபகம் வரும். முப்பத்தோரு வருடம் நான் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருந்த அந்த ஜன்னலோர மேஜையை நீயும் பார்த்திருக்கிறாய். ஐப்பசி பிறந்தால் அங்கே கூட்டம் நிற்கும். உழவு, நடவு, உரம் எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். முந்தானையில் முடிந்துகொண்டு வந்த நகை ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். உரைகல்லில் ஒரு கோடு இழுப்பேன். பக்கத்திலேயே மாற்று, அதாவது தங்கத்தின் தரம், தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்தால் மட்டமான கோடு மங்கிக் கரையும், நல்ல கோடு அப்படியே நிற்கும். கல்லுக்கும் மெழுகுக்கும் எடை கழித்துச் சீட்டு எழுதுவேன். மாசி பங்குனியில் அறுப்பு முடிந்ததும் அதே முகங்கள் திரும்ப வரும். நகையைத் திருப்பி, அங்கேயே வராந்தாவில் நின்று கழுத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். ஐப்பசியில் உள்ளே போகும், பங்குனியில் வெளியே வரும். இந்த ஐந்து மாதத்தில் பவுன் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் "எவ்வளவு தருவிய?" என்பது மட்டும்தான்.

உன் ஐடியாவைப் படித்தபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது. மும்பை ஜவேரி பஜாரில் கடை வைத்திருக்கும் உன் பக்கத்து வீட்டுக்காரர், "விலை விழுந்திருக்கிறது, இப்போது விட்டால் கிடைக்காது" என்கிறார். ஓய்வுப் பணம் பன்னிரண்டு லட்சத்தில் பாதியைத் தங்கத்திலும் பாதியை வெள்ளியிலும் போட நினைக்கிறாய். அது போதாமல் மதினியின் நகையை அடகு வைத்து இன்னும் வெள்ளி வாங்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். முதல் பகுதியைப் பேசித் தீர்க்கலாம். அடகு மட்டும் வேண்டாம்.

சரி, விலை விழுந்தது உண்மைதான். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இங்கே பவுன் 97 ஆயிரத்தைத் தாண்டியது. உலகச் சந்தையில் தீபாவளியன்றே அவுன்ஸ் 4,380 டாலர் வரை ஏறிவிட்டு, மறுநாளே ஐந்து சதவீதத்துக்கு மேல் சறுக்கியது. அந்த மாதக் கடைசியில் இங்கே 90 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் போன வருடம் இதே ஐப்பசியில் பவுன் 60 ஆயிரத்தைத் தொடவில்லை, யோசித்துப் பார். ஐந்து படி ஏறி ஒரு படி இறங்கியிருக்கிறது. நீ அந்த ஒரு படியை மட்டும் பார்க்கிறாய். இன்னும் இறங்குமா, இங்கிருந்தே மறுபடி ஏறுமா என்று உன் பக்கத்து வீட்டுக்காரராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

2013 ஏப்ரல் உனக்கு ஞாபகம் இருக்கும். 12ஆம் தேதி வெள்ளி, 15ஆம் தேதி திங்கள், இரண்டே வேலை நாளில் அவுன்ஸுக்கு 200 டாலருக்கு மேல் விழுந்தது. அப்போது இங்கே பவுன் இருபதாயிரத்தைச் சுற்றி நின்றது. "இனிமேல் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது" என்று திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஆனால் இறக்கம் அதோடு நிற்கவில்லை. 2011இல் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050ஐ ஒட்டி வந்து நின்றது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 ஜூலை வரை ஆனது. ஒன்பது வருடம்! காத்திருக்க முடிந்தவர்கள் யாரும் கெட்டுப் போகவில்லை.

காத்திருக்க முடியாத ஒருவரை எனக்குத் தெரியும். வீரவநல்லூர்ப் பக்கத்துக்காரர், பேர் வேண்டாம். மனைவியின் பத்துப் பவுனை ஒரு தனியார் நிறுவனத்தில் வைத்து, வந்த பணத்தில் தங்கக் காசு வாங்கினார். அந்தக் காசையும் அங்கேயே வைத்து இன்னும் வாங்கினார். விலை ஏறிக்கொண்டே இருந்தவரை கணக்குச் சரியாகத்தான் வந்தது. 2013இல் விழுந்ததும், "கூடுதல் ஈடு கொண்டு வா, இல்லையென்றால் வட்டியோடு கட்டு" என்று நோட்டீஸ் வந்தது. வழி தேடி எங்கள் சங்கத்துக்கு வந்தார். ஈடு வைக்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை, நாங்கள் எதை வைத்துக் கடன் கொடுப்பது? அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த அம்மா வராந்தாத் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. தாலிச் சங்கிலி இருந்த இடத்தில் கயிறு. அதற்கடுத்த மாதம் எல்லாம் ஏலத்தில் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் அந்தக் கழுத்து என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உன் கடிதத்தில் "மதினியின் நகை" என்று படித்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கணக்காகவே சொல்கிறேன். நூறு ரூபாய் நகைக்கு எழுபத்தைந்து ரூபாய் கடன் தருவார்கள். அதில் வெள்ளி வாங்குகிறாய். தங்கமும் வெள்ளியும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் நகை எண்பது, வெள்ளி அறுபது. உன் தலையில் எழுபத்தைந்தும் அதற்கு வட்டியும். வெள்ளியை முழுக்க விற்றாலும் கடன் தீராது. இன்னொன்றும் தெரிந்துகொள். அடுத்த ஏப்ரல் முதல், இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஜூனில் புது விதி போட்டிருக்கிறது. வெள்ளி நகையை ஈடாக வாங்கவும் அதில் இடம் இருக்கிறது. நடவுக்குப் பணம் தேடும் நம் ஊர்க்காரர்களுக்கு அது நல்லதுதான். கடனில் வாங்கி ஏற்றத்துக்குக் காத்திருப்பவனுக்கோ கடனுக்கும் நகை மதிப்புக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறுகிவிடுகிறது.

வெள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீ அதைத் தங்கத்தின் தம்பி மாதிரி நினைக்கிறாய். வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குத்தான் போகிறது, சோலார் பலகை, மின்னணுச் சாமான் இப்படி. சந்தையும் சின்னது. அதனால் ஏறினாலும் தாறுமாறாக ஏறும், விழுந்தாலும் தலைகுப்புற விழும். அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் கடன் வாங்கி வாங்கி வெள்ளியைக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போனது. மார்ச் 27ஆம் தேதி வியாழக்கிழமை 11 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் மறுபடி வர 2011 ஆனது. 50ஐத் தெளிவாகத் தாண்டியது இந்த வருடம் அக்டோபரில்தான். நாம் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வாங்கிய ஒருவன் பேரன் பேத்தி எடுத்தபிறகுதான் அந்த விலையைப் பார்த்திருப்பான். டாலர் கணக்கில் சொல்கிறேன். ரூபாயில் நமக்கு அவ்வளவு அடி விழவில்லை. அப்போது டாலர் எட்டு ரூபாய்க்கும் குறைவு, இன்று 88ஐத் தாண்டிவிட்டது. நம் அம்மாக்கள் வாங்கிய நகை நஷ்டப்படாததற்கு ரூபாய் மெலிந்ததும் ஒரு காரணம்.

இந்தத் தீபாவளிக் கூத்தையும் பார். லண்டனில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு, இங்கே பண்டிகை. வெளிநாட்டு விலைக்கு மேல் கூடுதல் கொடுத்து வாங்கினார்கள். சில மியூச்சுவல் ஃபண்டுகள் வெள்ளித் திட்டத்தில் ஒரே தவணையாக மொத்தப் பணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தன. இங்கே கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. தட்டுப்பாடு விலகியதும் வெளிநாட்டில் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைந்த வெள்ளி, இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வெள்ளி விலையோடு அந்தத் தவிப்புக்கும் சேர்த்துக் கொடுத்த பணம்தான் அப்படிப் போனது. அரசாங்கம் ஒரு வரி மாற்றினாலும் விலை மாறும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்றே பவுன் இரண்டாயிரம் ரூபாய் போல் இறங்கியதே.

உன் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இரண்டு வருட வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் முதலில் வங்கியில் வைப்பு போட்டுவிடுவேன். சின்னவள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட நினைக்கிறாயோ அதை இன்று முதல் மாதம் ஒரு பவுன், அரைப் பவுன் என்று வாங்குவேன். ஏறினாலும் வாங்கு, இறங்கினாலும் வாங்கு. கல்யாணத்துக்கு எப்படியும் வேண்டிய பொருள் அது. செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் திரும்பி வராது என்று தெரிந்தே வாங்க வேண்டும். ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்காமல் கடையை விட்டு இறங்காதே.

போட்டு வைப்பதற்கு என்றால் நகை வேண்டாம். அரசு தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வரவில்லை. பங்கு வைக்கும் டீமேட் கணக்கு உனக்கு இருக்கிறது, பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் தங்க ஃபண்டு, அதாவது தங்க இடிஎஃப் போதும். பன்னிரண்டு லட்சத்தில் ஒன்றே கால், ஒன்றரை லட்சம், அதுவும் பத்து மாதமாகப் பிரித்து. வெள்ளியில் ஆசையாக இருந்தால் ஐம்பதாயிரம் போடு, அது இருபத்தைந்தாயிரம் ஆனாலும் ராத்திரி தூங்க முடியுமா என்று மதினியிடம் கேட்டுவிட்டுப் போடு. கட்டியாக வாங்கி வீட்டில் அடுக்காதே. லட்ச ரூபாய் வெள்ளி அரைக் கிலோவுக்கு மேல் வரும். அதை எங்கே வைப்பாய், யாரிடம் விற்பாய்?

எங்கள் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தோளில் இடிக்க ஆடிக்கொண்டிருக்குமே. நாம் இரண்டு பேரும் அதைத் தட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். அப்பாவின் படிப்புக்காக ஒன்றை அழித்தாள். உள்ளே அரக்கு, மேலே மெல்லிய தகடு. தட்டான் உருக்கி நிறுத்தபோது நினைத்ததில் பாதிதான் தேறியது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தப் பாதியில்தான் அப்பா படித்தார். மற்றதை 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் அழித்தோம். பின்கட்டுச் சுவர் அதில்தான் எழுந்தது. அன்றைக்கு விலை என்ன என்று நான் பார்க்கக்கூட இல்லை.

நகையை வைத்துவிட்டதாக நீ எழுதவில்லை. ஒருவேளை கடிதம் போட்ட பிறகு வைத்திருந்தால், வெள்ளியை வந்த விலைக்கு விற்றாவது முதலில் அதைத் திருப்பு. குறைகிற பணத்தை நான் தருகிறேன், வட்டி கிட்டி என்று பேசாதே. திருப்பியதும் ஒரு வரி எழுது.

மதினிக்கு அப்பளம் இரண்டு கட்டு பார்சலில் போட்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் காய்ந்தது, நன்றாகப் பொரியும். தைக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் எடுத்தாயா?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்