வாட்டில் காது பார்க்கப் போகும் மகளுக்கு

மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

திருகோணமலையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஓ.ஏ.ஈ. (உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் சோதனை) பார்க்கும் பொறுப்பு உனக்குக் கிடைத்தது பெரிய சந்தோசம். 'றெஃபர்', அதாவது பதில் எடுபடவில்லை, திரும்பப் பார்க்கவேண்டும் என்ற முடிவு கூடுதலாக வருகிறது, மிசினில் பிழையோ என்று கேட்டிருந்தாய். மிசினைச் சந்தேகப்பட முதல், காதுக்குள் வைக்கும் புரோபைக் கழற்றிப் பார். அதன் நுனியில் உள்ள நுண்துளைகளில் பிறக்கும்போது பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாப்பசை அடைத்தால், நல்ல காதும் றெஃபர் என்றே வரும். அதற்கென்று தரும் நூலால் துடை, ஊசியால் குத்தாதே. ஒவ்வொரு நாளும் காலையில் உன் காதில் ஒருதரம், மிசினோடு வரும் வெறும் சோதனைக் குழிக்குள் ஒருதரம் ஓட்டிப் பார். வெறும் குழிக்குள் பாஸ் வந்தால், அந்த ஒலியை உண்டாக்குவது புரோப்தான்.

அடிப்படையை மனதில் வைத்திரு. உள்காதில் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தம் வந்ததும் அவை நீண்டு சுருங்கி அதைப் பெருக்கும். அதில் ஒரு துளி திரும்பி வெளியே வரும். 1948இல் தோமஸ் கோல்ட் ஊகித்ததை, 1978இல் டேவிட் கெம்ப் இலண்டனில் மைக்ரோபோன் வைத்து அளந்து காட்டினார். உன் மிசின் 4000 ஹேர்ட்ஸ், 3280 ஹேர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை 55, 65 டெசிபலில் அனுப்பினால், நல்ல காது 2560இல் மூன்றாவது தொனி ஒன்றைத் தானாகவே உண்டாக்கும். நாங்கள் தேடுவது அதைத்தான். அது சுற்றுச் சத்தத்தை விட 6 டெசிபலாவது மேலே நிற்கவேண்டும்.

இந்த ஒலி நடுக்காதை இரண்டு தரம் கடக்கிறது, உள்ளே போகையில் ஒருக்கால், வெளியே வருகையில் ஒருக்கால். பிறந்த முதல் நாளில் அங்கே நீர் நிற்கும், காதுக் குழாயில் மாப்பசையும் இருக்கும். ஆகவே 24 மணித்தியாலம் கழியுமுன் பார்க்காதே, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் காலைதான் நல்லது. சிசேரியன் பிள்ளை எப்படியும் கூட நாள் நிற்கும், அவசரப்பட வேண்டாம்.

பால் குடித்துத் துணியில் சுற்றி நித்திரையான பிறகு தொடங்கு. காது மடலைக் கீழும் பின்னுமாக மெல்ல இழுத்தால் குழாய் திறக்கும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் நுனியையே எடுத்து, சற்றுத் திருகி வை. கையை விட்டதும் புரோப் தானாக நிற்கவேண்டும். விரலால் பிடித்துக்கொண்டு எடுத்தால் உன் விரல் சத்தமே பதிவாகும். வயரைத் துணியில் கிளிப் பண்ணு. கச்சான் வீசும் மாதங்களில் வாட்டில் ஃபேனை நிறுத்தினால் தாய்மார் வெந்து போவார்கள், தெரியும். பதிவெடுக்கும் அந்த ஓரிரு நிமிடம் மட்டும் நிறுத்து. பிள்ளை சூப்பினாலும் முனகினாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மூழ்கிவிடும்.

பாஸ் வரும்வரை ஒரே இருப்பில் திரும்பத் திரும்ப ஓட்டாதே. ஏழெட்டுத் தரம் ஓட்டினால் குறையுள்ள காதும் தற்செயலாகப் பாஸ் காட்டும். இரண்டு தரம் போதும்.

தாயிடம் 'காது கேட்காது' என்று ஒருபோதும் சொல்லாதே. ஓ.ஏ.ஈ. எவ்வளவு குறை என்று அளப்பதில்லை. 30, 40 டெசிபலுக்கு மேல் குறைந்தாலே பதில் பொதுவாக நின்றுவிடும், அது சளியாலோ நீராலோ கூட இருக்கலாம். "இண்டைக்குப் பதிவு எடுபடேல்லை, கட்டாயம் திரும்பக் கொண்டு வாங்கோ" என்று சொல்லி, நிறை குறிக்கும் புத்தகத்தில் திகதியை எழுதிக் கொடு. மருத்துவிச்சி வீட்டுக்குப் போகும்போது அவர் கண்ணில் படட்டும். வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி வரவேண்டியவர்களுக்குக் கிளினிக் நாளோடு சேர்த்துப் போடு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை முடியவேண்டும், மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாகவேண்டும், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கவேண்டும். தவறினால் பிள்ளையின் பேச்சுத்தான் பிந்தும்.

விசேட பராமரிப்புப் பிரிவில் கிடந்த பிள்ளைகள், செங்கமாரிக்கு இரத்தம் மாற்றிய பிள்ளைகள் பாஸ் எடுத்தாலும் அப்படியே அனுப்பாதே. மயிர்க்கலம் நன்றாக இருந்து நரம்பு வேலை செய்யாமல் போகலாம், ஓ.ஏ.ஈ.க்கு அது தெரியாது. அவர்களுக்கு ஏ.பி.ஆர்., அதாவது ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலைப் பார்க்கும் சோதனை, கேட்டு எழுது. அந்தப் பெயர்களைத் தனிக் கொப்பியில் வை.

அன்புடன்,
அப்பா