பிள்ளையின் முதலாளியைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் நண்பருக்கு,

நலம்; உமது நலமறிய ஆவல். உமது கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. உமது பிள்ளையை நேரில் கண்டு பேசாமல் நீர் கேட்டதற்கு மறுமொழி எழுதுவது முறையாகாது என்று நினைத்ததாலேயே தாமதித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கென்று வந்தவள், விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து தன் முதலாளியைப் பற்றியே பேசினாள். பாதி முறைப்பாடு, பாதி புகழ்ச்சி. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "இருபது வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக் கிணறுகள் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்போலச் சொல்கிறார், மாமா; ஆனால் வருகிற மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் யன்னலைப் பார்க்கிறார்" என்றாள்.

கனவு காண்கிற மனிதனை நம்பிப் பிள்ளை தன் நல்ல வயதை வீணாக்குகிறாளோ என்று நீர் எழுதியிருந்தீர். தகப்பனுடைய பயம் நியாயமானது. ஆனால் தோட்டக் கிணறுகளில் உவர் ஏறுவதை முன்கூட்டியே எண்ணி, வெங்காயம் செய்கிற சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகிற சொட்டுநீர்க் குழாய்களைச் செய்யவேண்டும் என்கிற ஒருவரை, குடாநாட்டில் பிறந்த நாம் வெறும் கனவுக்காரர் என்று தள்ளிவிட முடியுமா? நம்முடைய பெரியவர்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' என்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த அந்தத் திட்டத்தை அண்மையில் மறுபடி எண்ணிப் பார்த்தேன். கனகராயன் ஆறு வன்னியிலிருந்து கொண்டுவரும் மழைநீர் ஆனையிறவு நீரேரியில் விழுந்து கடலுக்குப் போகிறது. கடல்நீர் புகாமல் அணை கட்டி அந்த நீரேரியை நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் நீரைக் கொண்டுபோனால், நிலத்தடி நீர் பெருகிக் கிணறுகளின் உவர் குறையும் என்பது அதன் சாரம். வேலையில் ஒரு பகுதி நடந்து, மிகுதி நின்றுபோனது உமக்குத் தெரியும். உவர்நீர் கிடந்த இடத்தில் நன்னீரைக் காண்பதற்கு ஒரு மனம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஆறுமுகத்தை மதிப்பது, அணை எந்த இடத்தில், கால்வாய் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவராகவும் இருந்தார் என்பதற்காகவே.

விமலசுரேந்திர என்ற பொறியியலாளரிடமும் இதையே காண்கிறேன். இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதன் பொருளாதாரத்தைப் பற்றி 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் அவர் கட்டுரை படித்தார். லக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இடையில் 32 ஆண்டுகள். தொடங்கிய வேலை நடுவழியில் நின்றபோது, அரசியலுக்குள் இறங்கி, 1931இல் அரசாங்க சபை உறுப்பினராகி, அங்கேயும் இதையே பேசினார். நிலையம் இயங்குவதைக் கண்டபின் 1953இல் காலமானார். அவருடைய பொறுமையைப் பலர் புகழ்வார்கள். எனக்குப் பொறுமையின்மேல் அவ்வளவு பக்தி இல்லை. பிடிவாதக்காரனுக்கும் அது தாராளமாக உண்டு. அந்தக் கட்டுரைக்கு முன்னரே நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்துப் பார்த்தவர் அவர் என்பதுதான் என் மனதைத் தொடுவது. தூரத்தில் உள்ளதைக் காண்கிறவர், அதைச் சிறிய அளவில் செய்து பார்க்காமல் பேச்சிலேயே காலம் கழித்தால், அவருக்குக் கீழே வேலை செய்யப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்பது என் கருத்து. ஆகவே பிள்ளையிடம் முதலில் கேட்டது, "எங்கேயாவது ஒரு தோட்டத்தில் போட்டுப் பார்த்தாரா?" என்பதையே. வடமராட்சியில் ஒரு தோட்டத்தில் இரண்டு போகம் பார்த்தாராம். முதற்போகத்தில் குழாயின் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிட, அதற்குப் பிறகு வடிகட்டியை மாற்றினாராம். இதைச் சொன்னபோது அவளுடைய குரலில் முறைப்பாடு இருக்கவில்லை.

இனி, இப்படிப்பட்டவரோடு சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி. இந்த ஊரில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் ஜெஃப்ரி பாவாவும் அவருடைய கூட்டாளியான பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரமும். பாவாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். சட்டம் படித்து, வழக்கறிஞராகி, பின்னர் கட்டடக்கலைக்கு வந்து, 1957இல் தமது 38ஆவது வயதில் தகைமை பெற்றவர். அவரோடு இருபது ஆண்டளவு பங்காளராக இருந்த நம்மவரின் பெயரை நம்மவர்களே அதிகம் சொல்வதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் மனக்குறை. கோட்டேயில் பாராளுமன்றத்தை எண்ணிப் பாரும். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே நிற்கும் மேட்டில் செப்புக் கூரைகளோடு கட்டடம் எழவேண்டும் என்பது 1979இல் ஒரு எண்ணமாக இருந்தது. 1982 ஏப்ரலில் அங்கே சபை கூடியது. எண்ணம் அவ்வளவு விரைவாகக் கட்டடமாக வேண்டுமானால், அத்திவாரம் எவ்வளவு ஆழம், கூரையின் பாரம் எங்கே இறங்கும், எந்த மாதத்துக்குள் எது முடியவேண்டும் என்று இரவும் பகலும் யோசிக்கிற ஒருவர் அதே மேசையில் இருந்தாகவேண்டும். அவரைப் பாவா தம் பங்காளராக வைத்திருந்தார் என்பதைப் பாவாவின் திறமைகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பாவா வடிவமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையின் உட்புறம் முழுவதும் ஈனா டி சில்வாவின் பத்திக் துணி. காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல்படிக்கட்டில் லக்கி சேனநாயக்கவின் சிற்பப் போர்வீரர்கள். தம்முடைய கட்டடத்துக்குள் நுழைகிறவர் முதலில் காண்பது மற்றவருடைய கைவண்ணமாக இருப்பதைப் பாவா குறையாக எண்ணவில்லை. பெரிய மனிதரைச் சுற்றி இருப்பவர்கள் காலம் போகப்போகத் தத்தம் தொழிலில் வளர்கிறார்களா, அல்லது அவருடைய பேச்சையும் நடையையும் மட்டும் படித்துக்கொள்கிறார்களா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கட்டடப் படம் வரையும் அலுவலகத்தில் எனக்கிருந்த பழைய தலைவரைப் பற்றி உமக்கு முன்னரும் எழுதியிருக்கிறேன். மழை பெய்கிற நாளாகப் பார்த்து எங்களை வெறுங்காணிக்குக் கூட்டிச் சென்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியால் ஓடுகிறது என்று குடையோடு நின்று பார்க்கச் செய்வார். கொழும்பில் கட்டடம் கட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. அதே மனிதர் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார். ட்ரேசிங் தாளில் ரொட்ரிங் பேனாவால் போட்ட கோட்டைப் பிளேட்டால் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையான நாட்கள் உண்டு. ஆறு மாதத்தில் ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, கட்டுமான வேலைத்தளத்தில் அவரை அவமானப்பட வைத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் பிரதம படவரைஞர் மட்டும் "முடியாது" என்ற சொல்லை வெறுங்கையோடு ஒருநாளும் சொன்னதில்லை. தலைவர் கேட்டபடி வரைந்த தாள் ஒன்று, அதில் எது நிற்காது என்பதைத் திருத்தி வரைந்த தாள் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். தலைவர் சினந்துகொண்டு வெளியே போய், ஒரு சிகரெட் முடிந்தபின் திரும்பி வந்து, பெரும்பாலும் இரண்டாவது தாளையே எடுப்பார். சில வேளைகளில் இரண்டையும் விட நல்லதொன்று அவருக்குத் தோன்றும். அப்போது அந்த அறையில் இருந்தது என் பாக்கியம்.

ஆனால், நண்பரே, தொலைநோக்கு என்பது சம்பளப் பாக்கிக்குச் சாட்டு ஆகாது. இந்த விஷயத்தில் நான் பிள்ளையிடம் இளகிப் பேசவில்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் அவளுடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். புதன்கிழமை தொலைபேசியில் சொன்னாள்: சம்பளம் இரண்டு முறை பிந்தியது, சேமலாப நிதி ஒரு மாதமும் பிந்தவில்லை. முதலாளி தன்னுடைய காரை விற்றுத்தான் ஒரு தவணை கட்டினார் என்பதை அலுவலகக் கணக்காளர் மூலம் அறிந்துகொண்டாளாம். அந்த மனிதரைப் பற்றிய என் எண்ணம் அதோடு கொஞ்சம் மாறியது. பணத்தைக் கையாளத் தெரியாதவர் என்ற எண்ணம் மாறவில்லை.

அவள் இப்போது செய்யப்போவது இதுதான். வருகிற ஆறு மாதத்துக்கு எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளிலும், குழாய்த் தொகுதியின் விலையையும் முதல்வருடம் விற்கும் மாவட்டங்களையும் குறைத்தால் கணக்கு எப்படி மாறும் என்று இன்னொரு தாளிலும் எழுதி அவர்முன் வைக்கப்போகிறாள். பிரதம படவரைஞரின் வழி. அவர் அதைப் படித்துவிட்டுச் சண்டை பிடித்தால் அங்கேயே இருக்கட்டும். படிக்காமல் மறுபடி யன்னலைப் பார்த்தால் வேறு இடம் தேடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீர் இப்போதைக்கு அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம்.

அடுத்த மாதம் கண்ணை வைத்தியரிடம் காட்டுவதற்கு வரும்போது எங்கள் வீட்டிலேயே தங்கும். வரும்போது உமது தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவர முடியுமா என்று அந்த முதலாளி பிள்ளை மூலம் கேட்டிருக்கிறார். சுண்ணாம்பு எவ்வளவு, உவர் எவ்வளவு என்று பார்க்கவேண்டுமாம். வாய்க்கால் வழியே தண்ணீர் மாறி இறைப்பதுதான் வெங்காயத்துக்குச் சரி என்று நீர் அவரோடு வாதாடாமல் விடமாட்டீர் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்