ஆபத்து எதிர்த்தெருவில் இருக்கும்போது: மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், கோவை மாவட்டங்களின் மனநலத் திட்ட அலுவலர்களுக்கு வணக்கம்.

சாதி வன்முறைக்கு ஆளான குடும்பங்களுக்கு மனவடு சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பவானி, அந்தியூர், சென்னிமலைப் பக்கத்து ஊர்களில் பல ஆண்டுகளாக மனநலச் சமூகப் பணியாளராக இருந்துவரும் நான், அதை வேண்டிக் கேட்கிறவள். ஆனால் நாம் பயின்ற முறைகளில் பெரும்பாலானவை ஆபத்து முடிந்துபோனது என்ற எண்ணத்தின்மீது கட்டப்பட்டவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இந்த மனவடு நோயைத் தன் மனநோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்தது. வியட்நாம் போரை முடித்து வீடு திரும்பியவர்களுக்கு அச்சொல் பொருந்தியிருக்கலாம். அடித்தவரின் தோட்டத்திலேயே கூலிக்குப் போகிற, அவருடைய உறவினரின் விசைத்தறியில் முன்பணம் வாங்கிக் கடன்பட்டிருக்கிற, அவர் நிற்கும் அதே நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருக்கிற குடும்பத்துக்கு எது பிந்தைய காலம்?

என் தவறொன்றை இங்கே சொல்ல வேண்டும். மகன் காதல் மணம் செய்துகொண்டதற்காகத் தாக்கப்பட்ட ஒரு தாய், சம்பவம் நடந்த கடைவீதிப் பக்கம் போவதையே விட்டிருந்தார். அஞ்சித் தவிர்க்கும் இடத்துக்குச் சிறிதுசிறிதாகத் திரும்பிச் செல்லவைத்தால், அங்கே ஒன்றும் நேராது என்பதை மனம் கற்றுக்கொண்டு அச்சம் தணியும் என்பது பாடம். அந்தப் பாடத்தின்படி நான் அவரை அங்கே போய்வரச் சொன்னேன். போனவரைப் பிணையில் வந்திருந்தவர்கள் வழிமறித்து மிரட்டினார்கள். மறுவாரம் அவர் என்னிடம் கோபப்படவில்லை. “பயம் போகோணும்னு சொல்றீங்க, சரிங்க, அந்த ஆளுக எதுக்காலயே நிக்கறாங்களே” என்று மட்டும் கேட்டார். அவருடைய அச்சம் நோய்க்குறி அல்ல, சரியான கணிப்பு என்பதை நான் முதல் நாளே விசாரித்து அறிந்திருக்க வேண்டும். அதைத் தணிக்க முயன்றதன்மூலம் அவருக்கு இருந்த ஒரே காவலை நான் அகற்றப் பார்த்தேன்.

இதைச் சொல்வதால், வழக்கு முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் ஓர் இளைஞரின் உடல் கிடந்த வழக்கு, நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில்தான் தண்டனையை எட்டியது. இடையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் தூக்கமின்றி விட்டுவைக்க நமக்கு உரிமையில்லை.

ஆபத்து நீடிக்கும் இடங்களிலும் உதவ முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தாக்குதல்கள் ஓயாத பாகிஸ்தானின் பெஷாவரில், மனநலப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஐந்து வாரச் சந்திப்புகளில் மனவேதனையைக் குறைத்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அன்றாடச் சிக்கல்களைப் பிரித்துப் பார்ப்பதும், மூச்சுப் பயிற்சியும், உறவுகளின் துணையைத் திரட்டுவதும் அதன் உள்ளடக்கம். நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கையின் வடகிழக்கில் நடந்தது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட 31 குழந்தைகளில் ஒரு பிரிவினர் தங்கள் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் சிகிச்சையையும், மற்றொரு பிரிவினர் தியானத்தையும் தளர்வுப் பயிற்சியையும் ஆறு அமர்வுகளில் பெற்றார்கள். இரு பிரிவினரும் தேறினார்கள். சிறிய ஆய்வுதான்; ஆயினும், நடந்ததை முழுக்கச் சொல்லவைப்பது மட்டுமே வழி என்ற நம் பிடிவாதத்தை அது தளர்த்த வேண்டும். சம்பவம் நடந்த உடனே ஒரே நாள் முகாமில் அனைவரையும் அமரவைத்து அனுபவத்தைக் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. அத்தகைய முகாம்களைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்களிடம் நான் முதன்மையாகக் கேட்பது, சிகிச்சைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பாதுகாப்பு நிலையை எழுத இடம் வையுங்கள் என்பதே. குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே வசிக்கிறார், வேலைக்கும் கடனுக்கும் இக்குடும்பம் யாரைச் சார்ந்திருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பவை தெரியாமல், தவிர்க்கும் இடத்துக்குப் போய்வருமாறு எவரையும் அனுப்பக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, விசாரணைக் காலப் பயணச் செலவு, தேவைப்பட்டால் இடமாற்றம் ஆகியவற்றை அரசின் கடமையாக்கியிருக்கிறது. அச்சட்டம் பொருந்தும் வழக்குகளில், ஆலோசகரின் கடிதம் மாவட்ட நிர்வாகத்துக்குப் போய் அந்தப் பாதுகாப்பைக் கோருவதையும் நான் சிகிச்சையின் பகுதியாகவே கருதுகிறேன். பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு, தேவையான அளவு மட்டுமே அக்கடிதத்தில் இருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருடைய இரகசியத்துக்கு உரிமை தந்திருக்கிறது.

சந்திப்புகளை ஊர் அங்கன்வாடியில் வைக்காதீர்கள். யார் உள்ளே போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது மாலைக்குள் தேநீர்க்கடைக்குத் தெரிந்துவிடும். பெருந்துறையிலோ பவானியிலோ, மற்ற நோயாளிகளும் வந்துபோகிற மருத்துவமனையில் கதவு சாத்தும் அறை ஒன்றும், வந்துபோகப் பேருந்துக் கட்டணமும் போதும்.

நான் குறிப்பிட்ட அந்தத் தாய்க்கு அடுத்த மாதம் சாட்சி விசாரணை இருக்கிறது. அன்று காலை அவருடன் ஒரே பேருந்தில் சென்று, நீதிமன்ற வராந்தாவில் அருகே அமர்ந்து, மாலையில் வீடுவரை விட்டுவர ஒரு பெண் பணியாளரைப் பணிநேரத்திலேயே அனுப்ப ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்தில் பணியாற்றும் மனநலச் சமூகப் பணியாளர்