அக்காவுக்கு ஒரு கடிதம்: டைட் எண்ட் என்ற இடம் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்னது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. "மற்ற பிள்ளைகள் எல்லாம் பந்தைப் பிடித்து ஓட, என் பிள்ளையை மட்டும் இடி வாங்க நிறுத்திவிட்டார்கள்" என்றீர்கள். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவனை டைட் எண்ட் ஆக்கியதைப் பதவி இறக்கமாகவே நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது புரிந்தது. போனில் சரியாக விளக்க வரவில்லை. இதே கவலையோடு இன்னும் பல தாய்மார் இந்த ஊர்ப் பள்ளிகளில் இருப்பார்கள் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் தோளோடு தோளாக நிற்கும் ஐந்து பேருக்கு எதிரணியை மறிப்பது மட்டுமே வேலை. வழக்கமான ஆட்டத்தில் அவர்களுக்குப் பந்து வீசக்கூடாது. மைதானத்தின் ஓரங்களில் நிற்கும் ரிசீவர்களுக்கு ஓடிப் பிடிப்பதே முதல் வேலை. டைட் எண்ட் அந்த முன்வரிசையை ஒட்டியே நிற்பான். மறிக்கவும் அவனால் முடியும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அடுத்த நொடியில் அவன் என்ன செய்யப்போகிறான் என்று எதிரணிக்குத் தெரியாது என்பதுதான் அந்த இடத்தின் பலம். மறிக்கத் தெரியாதவன் அங்கே நின்றால் அந்தச் சந்தேகமே எழாது. எனவே உங்கள் பிள்ளை வாங்கும் இடி வீண் இடி அல்ல. அவன் பிடிக்கப்போகும் பந்துக்கு அதுதான் முதலீடு.

இதை நான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் படித்த ஆண்டுகளில். ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் 19ஆம் எண் சட்டையோடு பிராக் பவர்ஸ் ஆடிய காலம் அது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன கலிபோர்னியாவின் நாபாவிலிருந்து வந்தவர். கொரோனாவால் பள்ளியின் கடைசி ஆண்டு ஆட்டங்கள் நடக்காமல் போக, 2021 ஜனவரியிலேயே நாட்டின் மறுகோடியில் இருந்த ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்துவிட்டார். பள்ளியின் கடைசி ஆண்டில் ஆட்டமே ஆடாத பையன், அந்த ஆண்டே 56 பந்துகளைப் பிடித்து, 882 யார்டு முன்னேறி, எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு எட்டும் டச்டவுன் 13 எடுத்தார்.

சான்ஃபோர்ட் மைதானத்தின் மேல்தட்டில்தான் எனக்கு இடம் கிடைக்கும். ஆடுகளத்தைச் சுற்றிய பசுமையான புதர்வேலியும், அதற்குள் எறும்புகள் போல ஆட்டக்காரர்களும் தெரிவார்கள். முதல் சில வாரங்கள் எல்லோரையும் போலப் பந்து போகும் திசையிலேயே என் கண்ணும் போனது. பிறகு ஒரு நாள், பந்தை விட்டுவிட்டு 19ஐ மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து அசைந்த கணத்தில், தன்னைவிட எடை கூடிய ஒருவரின் மார்புக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைத்து அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போவார். அந்த இடைவெளியில் வேறொருவர் பந்தோடு பாய்ந்துவிடுவார். அரங்கம் அந்த வேறொருவரின் பெயரைச் சொல்லிக் கத்தும். இவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் வந்து நிற்பார். இதே காட்சியை நான்கு முறை பார்த்திருப்பேன்; ஐந்தாவது முறை அவர் மறிக்கப்போவது போல முன்னே சாய்ந்து, நழுவி, யாருமில்லாத வெளியில் தனியாக நின்று பந்தை வாங்கினார். முந்தைய நான்கும் எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் அலபாமாவை 33-18 என்று வென்று, 1980க்குப் பிறகு முதன்முறையாக ஜார்ஜியா தேசியப் பட்டம் பெற்றபோது, கடைசி நான்கு நிமிடத்துக்குள் 15 யார்டு டச்டவுன் எடுத்து முன்னிலையை உறுதிப்படுத்தியவர் பவர்ஸ்தான். அடுத்த பருவத்தில் கென்ட் ஸ்டேட் அணிக்கு எதிராகப் பந்தைக் கையில் வாங்கி 75 யார்டு ஓடினார். ஒரு டைட் எண்ட் அப்படி ஓடுவது அபூர்வம். ஃபுளோரிடாவுக்கு எதிராக, எதிரணிக்காரரின் விரலில் பட்டுத் திசைமாறிய பந்தைத் தடுமாறியபடியே கைக்குள் அடக்கி 73 யார்டு போனதை இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். அந்தப் பருவத்தில் இரண்டாவது தேசியப் பட்டமும் வந்தது. மூன்று பருவங்களில் மொத்தம் 175 பந்துகள், 2,538 யார்டு. கல்லூரி டைட் எண்ட்களில் மிகச் சிறந்தவருக்குத் தரும் ஜான் மேக்கி விருதை 2022, 2023 என இரண்டு முறை பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். தொழில்முறை அணிகள் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் 2024 தேர்வில், லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணி 13ஆவதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் தொழில்முறைப் பருவத்திலேயே 112 பந்துகளைப் பிடித்து, புதுமுகங்களுக்கான சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

ஆனால் உங்கள் பயத்தை இந்த எண்களால் மூடிவிட எனக்கு மனமில்லை. 2023 அக்டோபர் 14 அன்று வான்டர்பில்ட் அணியுடன் ஆடியபோது பவர்ஸின் இடது கணுக்காலுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வில் காயம் ஏற்பட்டது. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பர் 11 அன்று மீண்டும் களத்தில் நின்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரே கொண்டாடியது, நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அது என் தம்பியாக இருந்திருந்தால் கைதட்டியிருப்பேனா என்ற கேள்வி தூங்கவிடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் கழியாமல் தொழில்முறை லீக்குக்குப் போக முடியாது என்பது விதி. அதுவரை அந்த உடம்புதான் ஒரு பையனின் ஒரே சொத்து.

பவர்ஸ் வாங்கிய விருதின் பெயருக்குரிய ஜான் மேக்கியின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் மாபெரும் டைட் எண்ட் அவர். ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். பிற்காலத்தில் மறதி நோய்க்கு ஆளாகி, 2011இல் 69ஆவது வயதில் காலமானார். மீண்டும் மீண்டும் தலையில் அடிபடுவதால் வரும் பாதிப்பு அவருடைய மூளையில் இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. அவருடைய மனைவி சில்வியா எழுதிய ஒரு கடிதத்தால்தான், மறதி நோயுள்ள முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு உதவும் திட்டம் 2007இல் உருவானது. மேக்கியின் சட்டை எண்ணையே வைத்து அதற்கு 88 திட்டம் என்று பெயரிட்டார்கள். அந்த விருதைப் பற்றிப் பேசும்போது சில்வியா அம்மையாரையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே அக்கா, அவன் டைட் எண்ட் ஆனதற்காக வருந்த வேண்டாம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்துவிடவும் வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் முழு வேகத்தில் மோதிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தலை தாழாமல் மறிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுத்து, மருத்துவத் துறையினர் சம்மதித்த பிறகே திரும்ப விட வேண்டும் என்று ஜார்ஜியாவில் சட்டமே இருக்கிறது. ஆகவே தயங்காமல் கேட்கலாம். அவனிடமும், தலை சுற்றினால் மறைக்கக்கூடாது என்று சொல்லி வையுங்கள். நான் சொன்னால் சிரிப்பான். உங்களிடம் பொய் சொல்ல மாட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு நானும் வருகிறேன். உங்கள் பக்கத்திலேயே உட்காருகிறேன். முதல் பாதி முழுவதும் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். அவன் யாரையாவது நன்றாக மறித்துத் தன் அணிக்கு வழி திறந்தால் உங்கள் தோளைத் தொடுகிறேன், நாம் இருவரும் எழுந்து நின்று கத்தலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி