ஆடும் பெட்டி பற்றி மகளுக்கு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்பு மகள்,

உன் கணினி விளையாட்டைப் பற்றி வந்த கருத்துகளை நீ அனுப்பினாய், எல்லாம் வாசித்துவிட்டேன். விளையாடியவர்கள் எழுதியதில் முக்கியமானவற்றைக் கொப்பியில் குறித்தும் வைத்திருக்கிறேன். "ஒருத்தருக்கு லேசாம், இன்னொருத்தருக்கு விளையாடவே ஏலாதாம், நான் யார் சொல்லைக் கேக்கிறதம்மா" என்று போனில் கேட்டாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் கணக்கும் சேர்ந்து வருவதால் எழுதி அனுப்புகிறேன், நீ ஆறுதலாக இருந்து வாசி.

குறுகிய நேரத்துக்குள் விளையாட்டு உருவாக்கும் ஜாமுக்காக, 48 மணித்தியாலத்தில் தனி ஆளாக ஒரு விளையாட்டைத் தொடங்கி முடித்துக் கொடுத்திருக்கிறாய். அதுவும் நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற துறைமுகக் கிரேனை வைத்து. மேலே தள்ளுவண்டி ஓடுகிறது, கீழே கம்பியில் பெட்டி ஆடுகிறது, ஆட்டம் அடங்கும் நேரம் பார்த்துக் கப்பலில் இறக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு, ஆனால் உண்மையான பௌதிகவியல் அதற்குள் இருக்கிறது. இத்தனை வருடம் எளிய ஊசல் படிப்பித்த எனக்கு, என் மகள் ஊசலை விளையாட்டாக்கியிருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய சந்தோசம் தெரியுமா?

சரி, லேசு, கஷ்டம் என்கிற சண்டைக்கு வருகிறேன். உன்னை அதிகம் வருத்தியது அதுதான்.

லேசு என்றவர்களில் ஒருவர் தன் திரை செக்கனுக்கு 144 படம் காட்டும் திரை என்று பெருமையாக எழுதியிருக்கிறார். கஷ்டம் என்றவர்களில் ஒருவர் பழைய மடிக்கணினியில் விளையாடியிருக்கிறார். "நான் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே பெட்டி ஆட்டத்தைக் கூட்டுகிறது" என்பது அவர் எழுதியது. இந்த வரியை நீ கவனிக்காமல் தாண்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். எல்லாருடைய கருத்திலும் எனக்குப் பெறுமதியாகத் தெரிந்தது இதுதான். மற்றவர்கள் தங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறார்கள். இவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்.

அதனால் கீழ் வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளை. அவனுடைய மடிக்கணினியும் பழையது, உன் விளையாட்டு அதில் செக்கனுக்கு 30 படம் அளவில்தான் ஓடுகிறது. பெட்டியைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். ஆட்டம் மெல்ல மெல்லக் கூடியது. அவனுடைய மச்சானின் புதுக் கணினியில் அதே வேலையைச் செய்தபோது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பெட்டியின் ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல் வரிகளை அனுப்பச் சொல்லி உன்னிடம் கேட்டேன்.

நீ ஒவ்வொரு படத்துக்கும் முதலில் பழைய வேகத்தை வைத்துப் பெட்டியின் இடத்தை மாற்றுகிறாய். அதற்குப் பிறகுதான், இடம் மாறுவதற்கு முன்பே கணக்கிட்டு வைத்த ஆர்முடுகலால் (வேகம் மாறும் வீதத்தால்) வேகத்தை மாற்றுகிறாய். அப்படிச் செய்தால் பெட்டி ஒவ்வொரு அடியிலும், அதாவது ஒரு படத்திலிருந்து அடுத்த படம் வரைக்கும், வளைந்து திரும்ப வேண்டிய இடத்தில் நேராகக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். அந்தக் கூடுதல்தான் சக்தியாகச் சேர்கிறது. படம் குறைந்தால் அடி பெரிதாகும்; அடி எவ்வளவு பெரிதோ, சேரும் சக்தியும் அவ்வளவு அதிகம். உன் கம்பியின் நீளம் 4 மீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். 60 படம் ஓடுகிற உன் கணினியில் செக்கனுக்கு ஏறக்குறைய 4 சதவீதச் சக்தி தானாகக் கூடுகிறது. 30 படம் ஓடினால் 8 சதவீதம். 144 என்றால் 2 சதவீதம்கூட இல்லை. காற்றுத்தடையை எடுத்துவிட்டுப் பார்த்தால், 10 பாகையில் ஆடத் தொடங்கிய பெட்டி 10 செக்கனில் உன் கணினியில் 12 பாகைக்கு வரும், கீழ் வீட்டுத் தம்பியின் கணினியில் 15 பாகைக்கு வந்துவிடும்.

உனக்கு ஏன் இது தெரியவில்லை என்றும் யோசித்தேன். ஆட்டம் அடங்க வேண்டும் என்று காற்றுத்தடை வைத்திருக்கிறாய், அதன் அளவை உன் கணினியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாய். அந்தத் தடை உன் கணினியில் கூடுகிற சக்தியைத் தின்றுவிட்டு மிச்சத்துக்கு ஆட்டத்தையும் அடக்கியது. மெதுவான கணினியில் அதற்குப் பலம் போதவில்லை. வேகமான கணினியில் பலம் கூடிப்போய் ஆட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆக, லேசு என்றவரும் உண்மைதான் சொன்னார், ஏலாது என்றவரும் உண்மைதான் சொன்னார். அவர்கள் விளையாடியது ஒரே விளையாட்டு இல்லை, மகள்.

இதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. இரண்டு வரிகளையும் இடம் மாற்று: முதலில் வேகத்தை மாற்று, பிறகு அந்தப் புது வேகத்தால் இடத்தை மாற்று. அப்படிச் செய்தால் சக்தி கூடிக்கொண்டே போகாது, ஒரு அளவைச் சுற்றியே நிற்கும். அடுத்தது, நீ பாவிக்கிற கோடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் திரையில் படம் வருவதற்கு ஒரு இடமும் பௌதிகக் கணக்குக்குத் தனியாக இன்னொரு இடமும் இருக்கின்றன. நீ மாற்றாவிட்டால், பௌதிகக் கணக்கு திரை எப்படி இருந்தாலும் செக்கனுக்கு 60 தடவை என்று ஓடும். நீ ஆட்டத்தின் கணக்கைப் படத்தின் பக்கம் எழுதியிருக்கிறாய். அதை மற்றப் பக்கம் கொண்டுபோ. இரண்டையும் செய்த பிறகு காற்றுத்தடையைக் குறைக்க மறக்காதே. இல்லாத சக்தியோடு சண்டை பிடிக்க வைத்த அளவு அது, அப்படியே விட்டால் பெட்டி சேற்றுக்குள் ஆடுவதுபோல் இருக்கும்.

இதைச் செய்யும்வரை ஒருவர் சொன்னார் என்று எந்தக் கட்டத்தையும் லேசாக்காதே, கஷ்டமாக்கவும் வேண்டாம். கஷ்டமான விளையாட்டைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். ஒரே தள்ளலுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விளைவு வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் தங்களுக்குத்தான் ஏலாது என்று நினைத்துக்கொண்டு. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பழைய மடிக்கணினிக்காரர் தனக்குக் கை பழகவில்லை போல என்றுதான் முடித்திருக்கிறார். அவருடைய கையில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு நீ பதில் எழுத வேண்டும்.

இனி, பாரமான பெட்டி பாரமாகத் தெரியவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பாரமான பெட்டி மெதுவாக ஆட வேண்டும் என்று வழியும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. ஊசலின் அலைவுகாலத்துக்கும் (ஒரு தடவை ஆடித் திரும்பி வர எடுக்கும் நேரம்) திணிவுக்கும் தொடர்பு இல்லை, நீளம்தான் கணக்கு. ஈயக் குண்டையும் அதைவிட நூறு மடங்குக்கு மேல் பாரம் குறைந்த தக்கைக் குண்டையும் ஒரே நீள நூலில் கட்டி ஆட்டினால் இரண்டும் சேர்ந்தே ஆடும் என்று கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். என் வகுப்பில் செய்முறை நடக்கும்போது பிள்ளைகள் இதை நம்பாமல் திரும்பவும் அளப்பார்கள். உன் விளையாட்டிலும் அந்த ஆச்சரியம் இருக்கிறது, ஆனால் அதைப் பிழை என்று நினைக்க வைக்கிற மாதிரி விட்டிருக்கிறாய்.

அவர்களுடைய முறைப்பாடு நியாயமானது. அவர்கள் சொல்லும் வழிதான் சரியில்லை. பாரம் உண்மையில் எங்கே தெரியும் என்று பார்த்து அங்கே காட்டு. கலிலியோவே இன்னொன்றும் கவனித்திருக்கிறார்: காற்று தக்கையின் ஆட்டத்தைச் சீக்கிரம் குறைத்துவிடும், ஈயம் நெடுநேரம் ஆடும். நீ எல்லாப் பெட்டிக்கும் ஒரே தடையை வைத்திருக்கிறாய். அதைத் திணிவால் பிரி. அப்போது வெறும் பெட்டி சீக்கிரம் அடங்கும், நிறைந்த பெட்டி அடங்க மறுக்கும். தள்ளுவண்டியும் பாரத்தோடு புறப்படும்போது மெதுவாக வேகம் எடுக்கட்டும், நிற்கவும் நேரம் எடுக்கட்டும். பெட்டி கப்பலில் உட்காரும் சத்தத்தையும் பாரத்துக்கு ஏற்ப மாற்று. பாரத்தை எல்லாரும் உணர்வார்கள், நீயும் பொய் சொல்ல வேண்டி வராது.

மாமாவும் விளையாடிப் பார்த்தார், இதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுசன், கணினி விளையாட்டுப் பக்கமே போகாதவர். தம்பியின் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எந்த விசை எதற்கு என்று மட்டும் கேட்டார். முதல் பெட்டி ஆடத் தொடங்கியது. நாங்கள் எல்லாரும் அப்படியான நேரத்தில் தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுப்போம் அல்லது சும்மா காத்திருப்போம். அவர் பெட்டி முன்னுக்குப் போகும்போது தள்ளுவண்டியையும் முன்னுக்கு விட்டார். பெட்டி ஆட்டத்தின் எல்லைக்குப் போய் ஒரு கணம் நிற்குமல்லவா, சரியாக அந்தக் கணத்தில் அதற்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டி அப்படியே தொங்கியது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

மாமா சொன்னார், "ஆட்டத்தை எதிர்த்து நிப்பாட்ட ஏலாது, அதுக்குப் பின்னால போய்ப் பிடிக்கணும்" என்று. துறைமுகத்தில் கம்பி நீளமானபடியால் எல்லாம் மெதுவாக நடக்குமாம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 30 மீற்றர்க் கம்பிக்கு ஒரு அலைவு ஏறக்குறைய 11 செக்கன், உன்னுடைய 4 மீற்றருக்கு 4 செக்கன்தான். நீ இவ்வளவு விரைவாக வைத்திருப்பதால் விளையாடுபவருக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

உன் விளையாட்டின் உயிரே அந்தப் பிடிப்பதில்தான் இருக்கிறது. ஆனால் அதை எங்கேயும் காட்டவில்லை. முதல் கட்டத்திலேயே கடிகாரம் ஓடுகிறது, ஓடினால் எல்லாரும் அவசரப்பட்டு ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்வார்கள். கடிகாரத்தை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளு. முதல் கட்டத்தில் நீளக் கம்பியும் ஒரு பெட்டியும் போதும். எழுத்தில் விளக்கம் எழுதி வைக்காதே, அவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்படி இடம் விடு. ஒரு தடவை கைக்கு வந்துவிட்டால் விடமாட்டார்கள், தம்பி இன்னும் விடவில்லை.

எழுத்து சின்னதாக இருக்கிறது, திரும்பத் தொடங்க ஒரு விசை வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமல் செய்யக்கூடியவை, செய்துவிடு. கதை இல்லை என்று ஒருவர் எழுதியதை விட்டுவிடு. கோபமாக நீளமாக எழுதினாரே ஒருவர், அவரை மட்டும் வெறுக்காதே. கடைசிக் கட்டத்தில் கப்பல் ஆடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார், அப்படியென்றால் கடைசிவரை விளையாடியிருக்கிறார். ஜாமில் சேர்ந்தவர்களுக்கு விளையாட எத்தனையோ விளையாட்டு இருக்கும். அதற்குள் உன்னுடையதற்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்.

ஜாமுக்குக் கொடுத்த பதிப்பில் விதி அனுமதிக்கிற அளவுக்கு அந்த ஆட்டக் கணக்கின் பிழையை மட்டும் திருத்து. மற்ற மாற்றங்களை வேறு பதிப்பாகப் போடு, அப்போதுதான் முன்பு விளையாடியவர்கள் எழுதியதற்கும் அர்த்தம் இருக்கும். அப்புறம் இனிமேல் கருத்துக் கேட்கும்போது எந்தக் கணினி, எத்தனை படம் ஓடியது என்றும் கேள்.

மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதென்று அப்பா கவலைப்படுகிறார், இரவில் கண் விழித்து வேலை செய்தால் ஏதாவது சூடாகக் குடி. மாமா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவார். அதற்கு முன் திருத்தியதை அனுப்பினால் பாரமான பெட்டியை அவர் கையில் கொடுத்துப் பார்த்து, என்ன சொன்னார் என்று அன்றிரவே எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா