பூமன் ஆந்தையைத் தேடிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பறவை பார்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகக் கூந்தன்குளம் போனோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது, வீட்டோரத்து மரங்களில்கூட மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுவதை முதல்முறை வந்த பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். சரி, இனி ஆந்தைக்கு வருகிறேன்.

புள்ளி ஆந்தையை நம் ஊர்ப் பனங்காட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கூகை கோயில் கோபுரத்திலேயே குடியிருக்கும். பூமன் ஆந்தை அப்படியில்லை. ஆற்றோரத்துப் பெரிய மரத்தில் இலைக்குள் இலையாகப் பகலில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும், அந்தி சாயும் நேரத்தில்தான் பெரும்பாலும் தண்ணீருக்கு இறங்கும். மீனும் நண்டும் தவளையும்தான் அதற்குப் பெரும்பாலும் சாப்பாடு. வழுக்கும் மீனைப் பிடிக்க வேண்டியிருப்பதால் காலில் இறகு கிடையாது, உள்ளங்காலில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. மற்ற ஆந்தைகளைப் போலச் சத்தமில்லாமல் பறக்கவும் அதற்குத் தெரியாது, தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்க அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

அதைத் தேடிப் போன முதல் நடை டிசம்பரில், திருப்புடைமருதூருக்கு. கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம், 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்ட இடம். விடியும் முன்பே படித்துறையில் போய் உட்கார்ந்தோம். மருத மரங்களிலிருந்து கொக்குக் கூட்டம் கிளம்பிய அழகைப் பார்த்தோம், ஆந்தை கிடைக்கவில்லை. இரண்டாவது நடை சேரன்மகாதேவிப் பக்கம், அதிலும் இல்லை. அங்கே ஓர் உறுப்பினர் செல்போனில் ஆந்தையின் குரலைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார், தலைவர் அண்ணாச்சி கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் அவர் பக்கம்தான். அப்போது முட்டையிடும் பருவம், வேறொரு ஆந்தை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுக் கிளம்பினால், நம் ஆசைக்கு அதன் குஞ்சு விலை கொடுக்கும்.

மூன்றாவது நடைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவரிடம் போய்க் கேட்டோம். "ராத்திரி குடத்துக்குள்ள ஊதுன மாதிரி ஒண்ணு சத்தம் போடும்லா, அதையா தேடுதிய?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிழட்டு மாமரத்தைக் காட்டினார். மரத்தடிப் பாறையில் சுண்ணாம்பு தெளித்தது போல எச்சம், அதன் நடுவில் நண்டு ஓட்டுத் துண்டுகள். மேலே காக்கைகள் விடாமல் கரைந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தபோது காற்றில் ஒரு கிளை விலகியது. பழுப்பு உடம்பு, தொண்டையில் வெள்ளை, காற்றுக்குச் சாய்ந்தாடும் இரண்டு இறகுக் கொம்புகள். இமை பாதி திறந்து மஞ்சள் கண் எங்களைப் பார்த்தது, அப்புறம் மெல்ல மூடிக்கொண்டது. அவ்வளவுதான், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பைனாகுலரைத் தாத்தாவிடம் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இத சாக்குருவின்னு திட்டிட்டு இருந்துட்டமே" என்றார்.

இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஆந்தையைக் காத்தாலும், மாந்திரீகம் என்று சொல்லி அதைப் பிடித்து விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே வந்த உறுப்பினர்கள் படத்தைப் பகிரும்போது ஊர்ப் பெயரையும் பின்னால் தெரியும் மண்டபத்தையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. அதே கரையில் இரண்டு பழைய மருத மரங்கள் கோடையில் வெட்டப்பட்டுவிட்டன, நமக்குத் தெரிய வந்தபோது அடிமரம்தான் மிச்சம். பொந்துள்ள மரம் ஒரு நாளில் வளர்வதில்லை. மீதமிருக்கும் மரங்களை விட்டுவைக்கக் கேட்டு எழுதிய மனு தயாராக இருக்கிறது, இன்றைய கூட்டம் முடிந்து போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தாத்தா ஏற்கெனவே போட்டுவிட்டார்.